ஹவுன்ஸ்லோவில் தைத்த போர்வை

லண்டனுக்கு நான் போன ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ ஒருவரின் அவசரத்துக்காகத்தான். ஒரு தொழிற்சாலைக்கு ஒரு சாமான் உடனே வேண்டும், தபாலை நம்பியிருக்க முடியாது என்றால், அதை ஒரு ஆளின் கையில் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கொஞ்சக் காலமாக அந்த ஆள் நான். மன்னாரில் எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. சண்டை நிறுத்தியது என்று சொல்லலாம். நானும் பெரிதாக எதிர்த்து நிற்கவில்லை. பிறகு நான்கு நாடுகளில் கோப்பை கழுவினேன், இரண்டு நாடுகளில் அடைபட்டிருந்தேன், பாரிஸில் குடியுரிமைக் காகிதம் கிடைத்தது. ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அதற்கு இந்த வேலை தோது.

இந்தத் தடவை எடுத்துப் போகவேண்டிய சாமான் ஒரு போர்வை. பூமியைச் சுற்றும்படி புதிதாக ஒரு விண்வெளி நிலையம் கட்டுகிறார்கள். முதல் அறை ஏற்கனவே மேலே இருக்கிறது. நான்கு பேர் போய் இரண்டாவது அறையை அதோடு பூட்டவேண்டும். வெயிலில் பொரியாமலும் நிழலில் உறையாமலும் இருக்க அறைகளுக்கு வெள்ளிப் போர்வை கட்டுவார்கள். அப்படியான போர்வைகளைத் தைக்கும் சின்னக் கம்பனி ஒன்று லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் இருக்கிறது. ஆடி மாதத்தில் அங்கிருந்து நான்கு போர்வைகளை நான்தான் எடுத்துப் போனேன். ஐந்தாவதுதான் கடைசி.

திங்கட்கிழமை வந்து இறங்கியதும் பையைத் திறந்தால் சட்டையெல்லாம் கடலைமாவு. பாரிஸ் லா சப்பல் தெருவில் தமிழ்க்கடையில் வாங்கிய மிக்சர் பொட்டலம் பாதி வழியில் விரிந்துவிட்டது. விமானம் ஏறும்போதே அது தவளை போல ஊதிக்கொண்டு வந்ததைக் கண்டேன், கவனிக்காமல் விட்டேன். சுங்கத்தில் நின்ற இளைஞன் மாவைத் தொட்டுப் பார்த்து, "இது வெடித்ததா?" என்று கேட்டான். விமான நிலையத்தில் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். "தானாகத் திறந்துகொண்டது" என்றேன். ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். பாரிஸில் என்றால் ஒரு மணித்தியாலம் நிற்பாட்டியிருப்பார்கள்.

கொட்டகையின் பொறுப்பாளர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார். நான்கு சொல்லில் முடியும் விஷயத்துக்கு ஐந்தாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார். கடைசிப் பரிசோதனை முடியவில்லை, புதன் காலை பத்து மணிக்கு வா என்றார். சனிக்கிழமைக் காலைக்குள் போர்வை ஏவுதளத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அன்றைக்கு மேலே போகும் பொதிகளை மூடிவிடுவார்கள்.

தைக்கும் அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். உள்ளே இருப்பவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புக்குள். வாசலில் கிடக்கும் ஒட்டும் விரிப்பில் கால் வைத்துத்தான் போகவேண்டும். ஊசிகளை எண்ணிக் கொடுப்பார்கள், எண்ணி வாங்குவார்கள். உடைந்த ஊசியின் முனை கிடைக்காவிட்டால் வேலை நிற்கும். ஏன் இவ்வளவு என்று ஆடி மாதத்தில் கேட்டதற்கு, ஹெலன் மேசையில் இருந்த இரண்டு தேநீர்க் கோப்பைகளை எடுத்து வாயோடு வாய் வைத்துக் காட்டினார். இரண்டு அறைகளும் இப்படித்தான் பொருந்தும்; நடுவில் ரப்பர் வளையம். பொருந்தும் கழுத்தைச் சுற்றி முதலில் போர்வையைக் கட்டுவார்கள், பிறகு அறைகளை நெருக்கிப் பூட்டுவார்கள். மேலே எதுவும் கீழே விழாது, மிதக்கும். ஒரு மணல் பருக்கை அந்த வளையத்தில் உட்கார்ந்தால் போதும், உள்ளே இருப்பவர்களின் காற்று அந்த வழியால் போய்க்கொண்டே இருக்கும். அன்றைக்கு அவர் பேசியதுதான் நான் அவரிடம் கேட்ட ஆக நீளமான பேச்சு.

அந்தக் கண்ணாடிக்கு அப்பால் வேலை செய்கிறவர்களில் ஒருவர் ஜெசிந்தா அக்கா. மன்னார்க்காரி, எங்கள் தேவாலயப் பங்குக்குப் பக்கத்துப் பங்கு. ஆடியில் முற்றத்தில் நின்று நான் தமிழில் போன் பேசியதைக் கேட்டு வந்து ஊர் விசாரித்தார். அந்த மாத முடிவில் நான் மடு மாதா கோயில் திருநாளுக்குப் போகப்போகிறேன் என்றதும், "வரேக்க ஒரு பிடி மண் கொண்டு வா தம்பி, வீட்டில இருந்தது முடிஞ்சுது" என்றார். மடுக் கோயில் மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வீட்டைச் சுற்றித் தூவுவார்கள். கடல் தாண்டிப் போகிற பிள்ளையின் உடுப்பு மடிப்புக்குள் ஒரு சிட்டிகை வைத்துத் தைப்பது அக்கா வீட்டுப் பழக்கம். புரட்டாதியில் ஒரு நெருப்புப் பெட்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தேன். லண்டனுக்கு வந்தால் தன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அக்காவின் கணவர் அன்ரன் அண்ணை, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் பின்னேர ஷிப்ட். நான் போனபோது வெளிக்கிட்டு நின்றார். "இவ தைக்கிற போர்வை ஆகாயத்துக்குப் போகும். என்ர காற்சட்டையைப் பார்" என்று கிழிந்த பொக்கற்றை இழுத்துக் காட்டினார். "அதுக்குள்ள நீ வைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அக்கா.

ஹவுன்ஸ்லோவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசுவது போல இறங்கும். அங்குள்ளவர்கள் சொல்லின் நடுவில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்கள். கோபத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

செவ்வாய் காலை ஒரு கலியாணக் கார்ட் கொடுக்க மிச்சம் என்ற ஊர் வரைக்கும் போனேன். திரும்பும் வழியில், இந்த பஸ் இத்துடன் முடிகிறது என்று ஒரு குரல் சொன்னது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் இறங்கி மழைக்குள் வரிசையாக நின்றார்கள். பாரிஸில் சாரதியின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். என் முன்னால் நின்ற கிழவி, "பனி கொட்டவில்லை, அதுவே பெரிது" என்று தன் நாய்க்குச் சொன்னாள். லண்டன்காரர்கள் துன்பத்தை நாய்களிடம்தான் சொல்கிறார்கள்.

அக்காவுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வந்து சோறும் சூடை மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். அன்ரன் அண்ணை வேலைக்குப் போயிருந்தார். சாப்பிட்டு முடிய, தப்பிய மிக்சரை ஒரு தட்டில் கொட்டி நடுவில் வைத்தேன். அக்கா அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தார். போன மாதம் நடந்ததைச் சொன்னார்.

மேலே போகிற நான்கு பேரில் ஒருத்தி முப்பத்தைந்து வயதுப் பெண். தைக்கிறவர்களோடு வீடியோவில் பேசியிருக்கிறாள். ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டிருக்கிறாள். வெளியே போய் ஐந்தாவது போர்வையைக் கட்டப்போவது தான்தான், கட்டும்போது ஜெசிந்தாவை நினைப்பேன் என்றிருக்கிறாள். பெயரை ஒழுங்காக உச்சரித்தாளாம். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"தம்பி, ஒரு சங்கதி சொல்லுறன். இவருக்கும் சொல்லேல்லை" என்று குரலைத் தாழ்த்தினார். ஒரு விமானம் போனது. நாங்கள் காத்திருந்தோம். "நீ கொண்டந்த மண்ணில ஒரு சிட்டிகை, அந்தப் பிள்ளையின்ர போர்வைக்குள்ள வச்சுத் தைச்சிட்டன்."

நான் வாயில் போட்ட மிக்சரை மெல்லவில்லை. எப்படி உள்ளே கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். கையுறைக்குள், மணிக்கட்டோடு வைத்துக் கொண்டு போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை, கடைசித் தையலை மூடுவதற்கு முதல் வைத்தது. நகத்தளவு பொட்டலம், அவர்களுடைய தராசுக்கே தெரியாத பாரம்.

"எதில சுத்தினீங்கள்?"

"அந்த வெள்ளித் தாளிலதான். வெட்டி மிஞ்சின துண்டு. நாலா மடிச்சு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, காத்துக்கூடப் போகாத மாதிரி" என்றார் பெருமையாக.

நான் தட்டைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு விண்வெளி தெரியாது. ஆனால் ஆயிரம் தரம் விமானத்தில் பொட்டலங்கள் ஊதுவதைக் கண்டிருக்கிறேன் என்று சொன்னால் அது பெரிய பொய்யாக இராது.

"அக்கா, உந்த மிக்சர் ஏன் வெடிச்சது தெரியுமோ? மேல போகப் போக வெளியில காத்துக் குறையுது. பொட்டலத்துக்குள்ள அடைபட்ட காத்து ஊதும். இது விமானம், உள்ளுக்குக் கொஞ்சமெண்டாலும் காத்து இருக்கு. அங்க வெளியில..."

நான் முடிக்கவில்லை. அவர் தையல்காரி; என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். "தாளெல்லாத்திலையும் ஊசி ஓட்டை இருக்கு" என்றார் மெதுவாக. "மேல போனதும் உள்காத்து வெளியில போறதுக்கெண்டு நாங்களே போடுறது. மண்ணும் அதுக்குள்ளாலதான் வரும்."

கையில் இருந்த கச்சான் கடலையைத் திரும்பத் தட்டில் வைத்தார். ஒரு விமானம், இன்னொரு விமானம். பிறகு கதையை வேறு பக்கத்தால் தொடங்கினார். ஒரு சிட்டிகை தானே, அதிலும் பாதி தாளோடு ஒட்டியிருக்கும் என்றார். பதினொரு வருடம் விமானச் சீற்றுக்கு உறை தைத்த பிறகு மூன்று வருடம் முன்புதான் கண்ணாடி அறைக்குள் விட்டார்கள், ஹெலனிடம் சொன்னால் அந்தக் கதவு இனித் திறக்காது என்றார். கடைசியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீ இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு எடுத்துக்கொண்டு போகேலாதோ?"

முடியும். எடுத்துப் போகிறவன் உள்ளே என்ன என்று கேட்கக்கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. ஆனால் என்னையும் ஒருகாலம் பொதியாக ஏற்றிப் போயிருக்கிறார்கள். எந்த எல்லை என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. லாரிக்குள் பதினேழு பேர், வெளியே பூட்டு. ஓட்டியவன் உள்ளே காற்றுப் போதுமா என்று கேட்கவில்லை. கதவு திறந்தபோது மூன்று பேர் எழும்பவில்லை. அவனுடைய தொழில் ஒழுங்கில் பிழையே சொல்ல முடியாது.

"நான் அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போடமாட்டன் அக்கா" என்றேன்.

"மண்ணைக் கொண்டந்தது ஆர்?"

"நான்தான். அதையும் சொல்லுறன்."

அவர் எழும்பிச் சமையலறைக்குப் போனார். கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவினார். நான் சட்டையில் இருந்த கடலைமாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அறை வாசலில் வந்து நின்று, "காலமை ஆறரை பஸ்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை பஸ் அரை வழியில் வாகன நெரிசலில் நின்றது. அக்கா மணியை அடித்து இறங்கி நடந்தார். மழைக்குக் குடையை விரிக்க மறந்து கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். அவர் நடையோடு ஈடுகொடுக்க எனக்கு ஏலாமல் இருந்தது. கொட்டகை வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ முந்திக் கதைக்காத. நான்தான் சொல்லவேணும்" என்றார்.

போர்வை ஏற்கனவே பெட்டிக்குள், சிவப்பு முத்திரை ஒட்டி மேசையில் இருந்தது. பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவேண்டிய தாளும் பேனாவும். ஹெலன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே சொன்னார். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் அவரிடம் உண்டு. அன்றைக்குப் பாதியில் அறுந்தது. மண், கோயில், பிள்ளை, காவல் என்று தமிழும் கலந்து வந்தது. விட்ட இடங்களை என் உடைந்த ஆங்கிலத்தால் நான் ஒட்டினேன்.

ஹெலன் கோப்பையை வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. எந்தத் தையல் என்று கேட்டார். எவ்வளவு என்று கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை நாங்கள் இருவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"மற்ற நான்கிலும் வைத்தாயா?"

அந்த நான்கும் ஏவுதளத்தில், இரண்டாவது அறையைச் சுற்றிக் கட்டி முடித்தாயிற்று. அவற்றிலும் மண் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். நான்கு பேரின் பயணம் நிற்கும். இல்லை என்றார் அக்கா. ஹெலன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தரம் ஒளித்தவரின் 'இல்லை'யை எந்தத் தராசில் வைப்பது?

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அந்த நான்கையும் இதே மேசையில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனவன் நான், ஆடி மாதம். மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தவனும் நான், அது புரட்டாதி. பாஸ்போர்ட்டைத் திறந்து, இடையில் நான் இலங்கைக்குப் போய்வந்த முத்திரைகள் தெரிய மேசையில் வைத்தேன். இந்தச் செய்தி என் கம்பனிக்குப் போகும் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

ஹெலன் என் ஆடி மாதக் கையெழுத்தைக் கோப்பில் தேடி எடுத்துத் திகதி பார்த்தார். "இவளிடம் பழைய மண் இருந்திருக்கலாம்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அக்காவுக்கு அந்த நேரத்திலும் சுள்ளென்று வந்தது. "பழசு இருந்திருந்தா உன்னட்ட ஏன் கேட்டிருப்பன் எண்டு அவவுக்குச் சொல்லு. முடிஞ்சுது எண்டுதானே கேட்டனான்."

அதையும் சொன்னேன். ஹெலன் சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினார். இரண்டு மணித்தியாலம். சுவரில் அந்த நால்வரின் படம் மாட்டியிருந்தது, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து. அக்கா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்த ஹெலன், மற்ற நான்கையும் பாரக் கணக்கும் எடுத்த படங்களும் வைத்து ஏவுதளத்தில் திரும்பச் சரிபார்க்கிறார்கள், அக்கா சொன்னதை நம்புகிறார்கள் என்றார். பெட்டியின் முத்திரையை உடைத்து, போர்வையைக் கண்ணாடி அறைக்கு வெளியே வேறொரு மேசையில் விரித்து, அக்கா காட்டிய இடத்தில் தையலைப் பிரித்தார். பொட்டலம் இருந்தது. வெள்ளித் துண்டு, அழகான மடிப்பு. ஹெலன் அதை விளக்கின் முன் பிடித்தார். மூலையில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். கடைசித் தையலின் ஊசி அதற்குள்ளால் போயிருக்கிறது. ஒரு கறுப்புத் தாளை விரித்து, போர்வையின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தட்டினார். மூன்று பருக்கை விழுந்தது. மேலே போகவே இல்லை, வெடிக்கவே இல்லை. அதற்குள்ளேயே மண் வரத் தொடங்கிவிட்டது.

அக்கா அந்த மூன்று பருக்கையையும் பார்த்தபடி சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தப் போர்வை இனி உதவாது. புதிதாக ஒன்றுக்குத் தாள் இருந்தது, சரியாக ஒன்றுக்குத்தான். கழுத்துப் போர்வையின் வளைவுத் தையலைப் போட அனுமதி உள்ளவர்கள் அங்கே இரண்டு பேர். ஒருத்தி பிள்ளை பெறப் போயிருந்தாள். மற்றது அக்கா.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெலன் அக்காவின் கையுறை, காலுறை, தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். கள்ளனைச் சோதிப்பது போலத்தான் இருந்தது. வேறு எப்படிச் செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அக்கா மோதிரத்தைக் கழற்றினார். அந்த அறைக்குள் இவ்வளவு காலமும் உடுப்புக்கு அடியில் கழுத்தில் போட்டிருந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றையும் கேட்காமலே கழற்றினார். இரண்டையும் என் கையில் தந்துவிட்டு ஒட்டும் விரிப்பில் கால் வைத்தார்.

நான் கண்ணாடிக்கு வெளியே இருந்தேன். அக்கா தைத்தார், ஹெலன் தோளுக்குப் பின்னால் நின்றார். மணிக்கொரு தரம் ஹெலன் கையை உயர்த்துவார், அக்கா நிறுத்துவார், ஹெலன் விளக்கைப் பிடித்துத் தையலை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார், தலையசைப்பார். மத்தியானம் இருவரும் வெளியே வந்து ஆளுக்கொரு முட்டை சான்ட்விச் எதிரெதிரே இருந்து சாப்பிட்டார்கள். பின்னேரம் அக்காவின் வலது கை நடுங்குவது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. ஹெலன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்தார். பிறகு திரும்பவும் தையல். ஐந்தரைக்கு ஊசிகளை எண்ணினார்கள். சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துத் தாளை முதன்முறையாக முழுதும் வாசித்தேன். எனக்குத் தெரிந்தவரை இதற்குள் வேறெதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. இவ்வளவு காலமும் எத்தனை இடத்தில் அதற்குக் கீழே கிறுக்கியிருக்கிறேனோ தெரியாது.

மண்ணை ஹெலன் ஒரு சின்னப் பைக்குள் போட்டு ஒட்டி, இலக்கமும் பயணத்தின் பெயரும் எழுதினார். எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் மடு என்றும், கொண்டுவந்தவர் என்ற இடத்தில் என் பெயரும். அதை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். அந்த நிலையம் மேலே இருக்கும் வரைக்கும் என்றார். அதுதான் விதியாம்.

அக்காவுக்கும் அப்போதுதான் முடிவு சொன்னார். வேலை போகாது, தானாக வந்து சொன்னபடியால் போகாது. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி சீற் உறை. கண்ணாடி அறை இனி இல்லை. அக்கா ஓம் என்று தமிழிலேயே சொன்னார். என்னிடம் மோதிரத்தையும் உத்தரியத்தையும் வாங்கிக்கொண்டு, "நேரத்துக்குப் போ" என்றார். பெட்டி சனிக்கிழமை விடிய அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று கிழமை கழிந்தது. நான் நினைத்தது போலவே விண்வெளிச் சாமான்களுக்கு வேறு ஆள் போட்டார்கள். எனக்குக் கார்க் கம்பனிகளின் பல்சக்கரங்கள். அப்படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விமான நிலையத்தில் இருந்த ஒரு காலையில் போன் அடித்தது.

"பாக்கிறியோ?" என்றார் அக்கா. அவரும் அன்ரன் அண்ணையும் அண்ணையின் கைபேசியில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அதைத் திறந்தேன். கறுப்பு வானத்தில் இரண்டு வெள்ளை உடுப்புகள். காலில் சிவப்புக் கோடு உள்ளது அந்தப் பிள்ளை என்றார் அக்கா. வெள்ளிப் போர்வை விரிந்து கழுத்தைச் சுற்றியது. எல்லா மூலையும் கொளுவியில் மாட்டியது, இடது மூலை மட்டும் எட்டவில்லை. கையுறை ஒரு தரம் இழுத்தது. வழுகியது. திரும்ப இழுத்தது. அக்காவின் பக்கத்தில் ஒரு விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. அது போகும் வரைக்கும் நாங்கள் கதைக்கவில்லை. மூன்றாவது தரம் மாட்டியது.

"அந்த மூலை ஒரு நூல் கட்டையாப் போச்சுது" என்றார் அக்கா. "கை நடுங்கின நேரம். ஹெலன் அளந்து பாத்தவ. அளவுக்குள்ளதான் எண்டு விட்டவ."

இனி அறைகளை நெருக்கிப் பூட்டவேண்டும். பிறகு கதவை மூடிவைத்து, காற்றுக் குறைகிறதா என்று சில மணித்தியாலம் பார்ப்பார்கள். என் விமானத்துக்கு அழைத்தார்கள். போனை அணைத்துவிட்டு ஏறினேன்.

பணிப்பெண் உருளைக்கிழங்குப் பொரியல் பொட்டலம் ஒன்று தந்தாள். நான் உடைக்கவில்லை. முன்னால் இருந்த தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போகப் போக அது ஊதியது. ஓரம் விறைத்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் சாப்பிட மாட்டீர்களா என்று கேட்டார். பிறகு என்றேன். இறங்கும் வரைக்கும் அது வெடிக்கவில்லை.

சக்கரம் தரையில் தட்டியதும் போனைத் திறந்தேன். அக்காவின் செய்தி ஒன்று கிடந்தது.

"காத்துப் போகேல்லையாம். ஹெலன் சீற் தைக்கிற இடத்துக்குத் தானா நடந்து வந்து சொன்னவ."